பழைய கம்ப்யூட்டருக்குப் புது வேகம்: எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறீர்களா?

குறைந்த செலவில், ஏமாறாமல் வாங்குவது எப்படி?

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, ஸ்டவ்வைப் பற்றவைத்து, டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது!

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், முலுண்டிலும் எத்தனையோ தமிழர் வீடுகளில் அன்றாடம் காணும் காட்சி இது. 2020-ம் ஆண்டு கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடங்கள் எல்லாம் திரை வழியாக நடந்தபோது, கடன் வாங்கியாவது ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஏராளம். அந்தக் கம்ப்யூட்டர்கள்தான் இப்போது ஆமையாக நகர்கின்றன.

தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்றால் கையில் பணம் இல்லை. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பும் தொகை எல்லாம் போக, மாதக் கடைசியில் மிஞ்சுவது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரே ஒரு உறுப்பை மாற்றினால், அது புதிதுபோல ஓடும். அந்த உறுப்பின் பெயர் எஸ்.எஸ்.டி. அதாவது, 'சாலிட் ஸ்டேட் டிரைவ்'.

ஆனால் எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்று தெரியாமல் இறங்கினால் பணம் போகும். சில சமயம் பணத்தைவிடப் பெரியதும் போய்விடும்.

ஒரு குமாஸ்தாவின் அனுபவம்

தாராவியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு அப்படித்தான் நேர்ந்தது. நெல்லைச் சீமையில் இருந்து வந்தவர். போர்ட் பகுதியில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை. மகளின் படிப்புக்காக 2020-ல் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். நாளடைவில் வீட்டுப் படங்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. ஊரில் நடந்த அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும் அதில்தான் இருந்தன.

மகள் மேல்வகுப்புக்குப் போகப் போக, கம்ப்யூட்டர் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கடைக்காரரிடம் காட்டினார். "இது தேறாது, புதிதாக வாங்குங்கள்" என்று சொல்லி, 35 ஆயிரம் ரூபாய் என்றார் அவர். குமாஸ்தா பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

சில நாள் கழித்து, ரெயில் நிலையத்தின் வெளியே, நடைபாதையில் ஒருவர் கூவி விற்றுக்கொண்டிருந்தார். "2 டி.பி. எஸ்.எஸ்.டி., வெறும் 900 ரூபாய்!" பளபளவென்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் வரும் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. வாங்கிவிட்டார்.

வீட்டில் கம்ப்யூட்டருடன் இணைத்தார். 2 டி.பி. என்றே காட்டியது. படங்களை எல்லாம் அதற்கு மாற்றினார். பழைய ஹார்டு டிஸ்க் பாரம் குறையட்டும் என்று அங்கிருந்த படங்களை அழித்தும்விட்டார்.

வேகம் கூடவில்லை. "போகட்டும், படங்களாவது பத்திரமாக இருக்கிறதே" என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஊரில் இருந்து செய்தி வந்தது. அப்பா காலமாகிவிட்டார். காரியங்களுக்காகச் சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று தம்பி கேட்டார். இவர் அந்தப் பளபளப்புப் பெட்டியைத் திறந்தார். படங்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

நடந்தது என்ன?

அடுத்த சந்தில் இருக்கும் ஒரு வாலிபர் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர். அவர் வந்து அந்தப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே எஸ்.எஸ்.டி. என்று எதுவுமே இல்லை. செல்போனில் போடும் சிறிய மெமரி கார்டு ஒன்று, ஒரு பலகைமீது ஒட்டப்பட்டிருந்தது. அதன் உண்மையான கொள்ளளவு 64 ஜி.பி. 2 டி.பி. என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லு மாற்றி எழுதப்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட போலிகள் நடைபாதையில் மட்டும் அல்ல, பெரிய இணையக் கடைகளிலும் நுழைந்துவிடுகின்றன. 64 ஜி.பி. நிறையும் வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்குமேல் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். அல்லது ஏற்கனவே எழுதியதன்மீதே எழுதப்படும். பெயர்ப் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் வாங்கியவருக்குச் சந்தேகமே வராது. தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

இதில் இன்னொரு தவறும் இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யை வெளியே செருகி, அதில் படங்களை மட்டும் போட்டு வைத்தால் கம்ப்யூட்டரின் வேகம் கூடாது. கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோசும், அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களும் எஸ்.எஸ்.டி.யில் இருந்தால்தான் வேகம் கூடும். அதற்கு, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யைப் பொருத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு வேகம்?

ஹார்டு டிஸ்க் பழைய கருவி. 1956-ம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்கை வெளியிட்டது. 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள். அவ்வளவு பெரிய எந்திரத்தில் சேமிக்க முடிந்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது பல நேரங்களில் போதாது.

அளவு சுருங்கினாலும் வேலை செய்யும் முறை மாறவில்லை. உள்ளே தட்டுகள் சுழலுகின்றன. மேசைக் கம்ப்யூட்டரில் உள்ள தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும். லேப்டாப்பில் பெரும்பாலும் 5,400 தடவை. ஒரு சிறிய கை நகர்ந்து சென்று, தேவையான இடம் சுழன்று வரும்வரை காத்திருந்து படிக்கும். ஒவ்வொரு தடவையும் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகும். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். நொடிக்குச் சுமார் 100 தடவைக்குமேல் அந்தக் கையால் ஓட முடியாது.

அலுவலகத்தில் ரிக்கார்டு ரூமில் இருந்து பைல் எடுத்துவர ஒரே ஒரு பியூன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பைலுக்கும் அவர் மாடி ஏறி இறங்கிவர வேண்டும். ஹார்டு டிஸ்க் அப்படிப்பட்டது. பைல்கள் எல்லாம் மேசைக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், தனித்தனிப் பொந்துகளில் அடுக்கியிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் எஸ்.எஸ்.டி.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. தகவல்கள் சில்லுகளுக்குள் மின்னேற்றமாகச் சேமிக்கப்படுகின்றன. இந்த 'பிளாஷ்' நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் பணியாற்றிய புஜியோ மசுவோகா. 1984-ல் அதுபற்றி அறிவித்தார். இன்றைய எஸ்.எஸ்.டி.களில் உள்ள 'நாண்டு' வகை 1987-ல் வெளியிடப்பட்டது. இதில் நொடிக்குப் பல்லாயிரம் கோப்புத் துண்டுகளைத் தேடி எடுக்க முடியும்.

ஆகவே, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட பழைய கம்ப்யூட்டர், எஸ்.எஸ்.டி. பொருத்திய பிறகு பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும்.

முதலில் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பு, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் முக்கியமாக மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, 2.5 அங்குல 'சாட்டா' எஸ்.எஸ்.டி. சீட்டுக்கட்டைவிடச் சற்றுப் பெரிது. ஆனால் 7 மில்லிமீட்டர் கனம்தான். பழைய மேசைக் கம்ப்யூட்டர்களுக்கும், பழைய லேப்டாப்களுக்கும் இதுவே ஏற்றது. நொடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும்.

இரண்டாவது, 'எம்.2 சாட்டா'. சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய பலகை. வேகம் முதல் வகையைப் போன்றதே.

மூன்றாவது, 'எம்.2 என்.வி.எம்.இ.' பார்வைக்கு இரண்டாவது வகையைப் போலவே இருக்கும். வேகம் மிக அதிகம். நொடிக்கு 3,500 எம்.பி., சிலவற்றில் 7,000 எம்.பி. கூட உண்டு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். எம்.2 சாட்டாவும் எம்.2 என்.வி.எம்.இ.யும் ஒரே அளவு, ஒரே தோற்றம். ஆனால் சில கம்ப்யூட்டர்களின் பொருத்துவாய் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா. ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆனாலும் வெட்டை மட்டும் பார்த்து வாங்காமல், கம்ப்யூட்டரின் மாடல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உங்களுடைய கம்ப்யூட்டரில் எம்.2 வாய் இல்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். ஹார்டு டிஸ்கில் இருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது தெரியும் வேறுபாடு மிகப் பெரிது. சாட்டாவில் இருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது, கடிதம் அடிப்பது, கணக்குப் போடுவது, பாடம் பார்ப்பது போன்ற வேலைகளில் தெரியும் வேறுபாடு சொற்பம்.

மிகவும் பழைய கம்ப்யூட்டர்களில், ஹார்டு டிஸ்குக்கு அகலமான பட்டை வயர் போகும். அது சாட்டா அல்ல. அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குச் செலவு செய்வது வீண்.

ரேம் எவ்வளவு என்றும் பாருங்கள். 4 ஜி.பி.க்குக் குறைவாக இருந்தால் எஸ்.எஸ்.டி. மட்டும் போதாது, ரேமும் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து என்ன செலவு என்று கணக்குப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்துவந்த வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை இல்லை.

அப்படியானால் எஸ்.எஸ்.டி. வாங்குவது வீணா? இல்லை. 'லினக்ஸ் மின்ட்', 'உபுண்டு' போன்ற இலவச இயக்கமுறைகளைப் போட்டுக்கொள்ளலாம். இணையம் பார்க்கவும், கடிதம் எழுதவும், பாடம் கேட்கவும், தமிழில் தட்டச்சு செய்யவும் அவை போதும். அலுவலக வேலைக்கு விண்டோசில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவைப்படுபவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

எவ்வளவு கொள்ளளவு?

120 ஜி.பி. வேண்டாம். விண்டோஸ் 11-க்கு மட்டுமே குறைந்தது 64 ஜி.பி. இடம் தேவை என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. மீதி இடம் சீக்கிரம் நிறைந்துவிடும்.

படிப்பு, அலுவலக வேலை மட்டும் என்றால் 240 அல்லது 256 ஜி.பி. போதும். படங்கள், வீடியோக்கள் சேரும் வீடு என்றால் 480 அல்லது 512 ஜி.பி. நல்லது. விலையைக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஜி.பி.க்கு என்ன விலை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் 240-ஐவிட 480-ல் ஒரு ஜி.பி.யின் விலை குறைவாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 240 ஜி.பி. டிரைவ் 223 என்று காட்டும், 500 ஜி.பி. டிரைவ் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். உற்பத்தியாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024-ஆகக் கணக்கிடுகிறது. வேறுபாட்டுக்குக் காரணம் அதுதான்.

ஆயுள் எவ்வளவு?

பிளாஷ் சில்லுகளில் திரும்பத் திரும்ப எழுதினால் அவை தேயும். எவ்வளவு எழுதலாம் என்பதற்கு உற்பத்தியாளர்கள் ஓர் அளவு தருகிறார்கள். அதன் பெயர் 'டி.பி.டபிள்யூ.'

உதாரணமாக, கிங்ஸ்டன் ஏ400 வகையில் 240 ஜி.பி. டிரைவுக்கு 80 டி.பி.; உத்தரவாதம் 3 ஆண்டு. சாம்சங் 870 ஈவோ வகையில் 250 ஜி.பி. டிரைவுக்கு 150 டி.பி.; உத்தரவாதம் 5 ஆண்டு. முன்னது மலிவு வகை. பின்னது விலை கூடியது.

80 டி.பி. குறைவா? கணக்குப் பாருங்கள். நாள்தோறும் 20 ஜி.பி. எழுதினாலும் 80 டி.பி. முடிய 4,000 நாள் ஆகும். அதாவது, சுமார் 11 ஆண்டு. சாதாரண வீட்டில் நாளுக்கு 20 ஜி.பி. எழுதுவதே அபூர்வம். எனவே வீட்டு உபயோகத்துக்கு மலிவு வகையும் போதுமானதே. நாள் முழுவதும் வீடியோ வெட்டி ஒட்டும் தொழில் செய்பவர்கள் மட்டும் கூடுதல் அளவுள்ளதைத் தேட வேண்டும்.

ஒரு சேமிப்பு அறையில் எத்தனை 'பிட்' வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் தரம் மாறும். மூன்று வைப்பது 'டி.எல்.சி.' நான்கு வைப்பது 'கியூ.எல்.சி.' இரண்டும் ஒரே விலை என்றால் டி.எல்.சி.யைத் தேர்ந்தெடுங்கள். கியூ.எல்.சி.யில் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் மிகவும் விழுந்துவிடும்.

'டி-ரேம்' என்னும் துணை நினைவகம் உள்ள டிரைவ் இன்னும் நல்லது. மலிவு வகைகளில் அது இருக்காது. முடிந்தால் வாங்கலாம், இல்லாவிட்டாலும் ஹார்டு டிஸ்கைவிடப் பல மடங்கு மேல்.

விலை நிலவரம்

எஸ்.எஸ்.டி. விலை தங்கம் போல ஏறி இறங்கும். உலகம் முழுவதும் சில்லுகள் தேங்கிக் கிடந்த 2023-ல், 240 ஜி.பி. டிரைவ் 2 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காகச் சில்லுகள் ஏராளமாக வாங்கப்பட்டதால், 2025-ன் இறுதியில் விலை மளமளவென்று ஏறியது. 2025 டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, 'குருசியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. ஏற்கனவே விற்ற டிரைவ்களுக்கு உத்தரவாதம் தொடரும் என்றும் கூறியது.

ஆகவே, போன வருடம் நண்பர் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அன்றைய விலையை மூன்று கடைகளில் கேளுங்கள். மூன்றிலும் சொன்னதைவிட ஒருவர் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், அது லாபம் அல்ல, ஆபத்து!

லாமிங்டன் ரோடு

சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, அப்படி மும்பைக்கு லாமிங்டன் ரோடு. 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் வந்தது. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றப்பட்ட பிறகும் மக்கள் வாயில் பழைய பெயர்தான்.

கிராண்ட் ரோடு ரெயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்து போய்விடலாம். தாராவிக்காரர்கள் மாகிமில் 'ஸ்லோ' வண்டி ஏறினால் நேராகப் போகலாம். சயானில் ஏறுபவர்கள் தாதரில் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவுதானே என்று புறப்பட்டுவிடாதீர்கள். அன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். 'மெகா பிளாக்' வேறு இருந்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

போகும்போது கம்ப்யூட்டரின் மாடல் எண்ணையும், பழைய ஹார்டு டிஸ்கின் படத்தையும் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் கவனிக்க வேண்டியவை வருமாறு:-

1. பெட்டியின் முத்திரை பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும்.

2. 'பக்கா பில்' கேளுங்கள். அதில் டிரைவின் வரிசை எண் எழுதியிருக்க வேண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்தலாம் என்று பில் இல்லாமல் வாங்கினால், பழுதானால் கேட்க நாதி இருக்காது.

3. உத்தரவாதம் கடைக்காரருடையதா, கம்பெனியுடையதா என்று கேளுங்கள். கம்பெனி உத்தரவாதமே நல்லது. எத்தனை ஆண்டு என்று பெட்டியில் பாருங்கள்.

4. மேசைக் கம்ப்யூட்டர் என்றால் கூடுதலாக ஒரு சாட்டா வயர் தேவைப்படலாம். அப்போதே வாங்கிக்கொண்டால் இன்னொரு நடை மிச்சம்.

5. பொருத்தித் தருவதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

புதியதா, பழையதா?

பயன்படுத்திய டிரைவைத் துடைத்துப் புதிது என்று விற்பவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது எளிது. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்னும் இலவச மென்பொருளில் டிரைவ் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை தொடங்கப்பட்டது என்பது தெரியும். புதிய டிரைவில் அது பூஜ்யம் அல்லது ஒன்றிரண்டாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மணி என்று காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

கொள்ளளவு உண்மைதானா என்று சோதிக்க 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது டிரைவ் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். வெளியே செருகும் டிரைவ் வாங்குகிறவர்கள், ஒரு படத்தைக்கூட அதில் போடுவதற்கு முன்பு இதைச் செய்ய வேண்டும். அந்தக் குமாஸ்தா இதைச் செய்திருந்தால் 900 ரூபாயோடு போயிருக்கும்.

பழைய ஹார்டு டிஸ்கை எறியாதீர்கள்

எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு பழைய ஹார்டு டிஸ்கைக் காயலான் கடையில் போடாதீர்கள். அதற்கு ஏற்ற யு.எஸ்.பி. உறை ஒன்றை வாங்கி, உள்ளே வைத்து மூடினால், அது படங்களுக்கு ஒரு பிரதிப் பெட்டியாகிவிடும். மேசைக் கம்ப்யூட்டரில் இடம் இருந்தால் உள்ளேயே இரண்டாவது டிரைவாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய விண்டோசுக்கு உரிமம் இருந்ததா? அந்த உரிமம் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையுடன் சேர்ந்தது. டிரைவை மாற்றி, அதே விண்டோசைப் புதிதாகப் போட்டாலும் இணையத்தில் இணைந்ததும் அது தானாகவே ஏற்றுக்கொள்ளும். மறுபடியும் பணம் கேட்டால் தர வேண்டாம்.

எஸ்.எஸ்.டி.யை 'டிபிராக்' செய்யக்கூடாது. அதனால் பயன் இல்லை, தேய்மானம்தான். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. நூற்றுக்குப் பதினைந்து பங்காவது காலியாக இருக்கட்டும்.

எஸ்.எஸ்.டி.யில் ஒரு குறையும் உண்டு. ஹார்டு டிஸ்க் கெடுவதற்கு முன்பு பலமுறை கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சத்தம் இல்லாமல், ஒரே நாளில் கண்ணை மூடிவிடும். தவறி அழித்த கோப்பை மீட்பதும் அதில் கடினம். அழித்த இடத்தை 'டிரிம்' என்ற ஏற்பாடு உடனே சுத்தம் செய்துவிடுகிறது. மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்கும் அது ஏற்றதல்ல. சில்லுகளில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசிந்துவிடும்.

எனவே, முக்கியமான எதுவும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. குறைந்தது இரண்டு இடம், முடிந்தால் மூன்று.

படம் கிடைத்ததா?

தாராவிக் குமாஸ்தாவின் படங்கள் என்ன ஆயின?

போலிப் பெட்டியில் இருந்தவை போனவைதான். ஆனால் பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு வாய்ப்பு இருந்தது. ஹார்டு டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தால், அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும்வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கும்.

"அண்ணாச்சி, இனிமே இந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க" என்று சொல்லி அணைத்தார் அந்த வாலிபர். டிஸ்கைக் கழற்றித் தன்னுடைய கம்ப்யூட்டரில் மாட்டி, 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். இரவு முழுவதும் ஓடியது.

மூன்று மாதமாகப் பயன்படுத்திய டிஸ்க் ஆயிற்றே! பாதிப் படங்கள்தான் வந்தன. அவையும் பெயர் இல்லாமல், தேதி வரிசை இல்லாமல், வெறும் எண்களாக வந்தன. மகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பிரித்தாள். நள்ளிரவுக்குமேல், "அப்பா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள்.

அறுபதாம் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாகத் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதச் சம்பளத்தில், ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, குமாஸ்தா லாமிங்டன் ரோட்டுக்குப் போனார். மூன்று கடையில் விலை கேட்டு, பக்கா பில்லோடு, 3 ஆண்டு உத்தரவாதம் உள்ள 480 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினார். கூடவே பழைய டிஸ்குக்கு ஓர் உறை. புதுக் கம்ப்யூட்டருக்குக் கடைக்காரர் சொன்ன தொகையில் சிறு பங்குதான் செலவு.

கம்ப்யூட்டர் இப்போது டீ கொதிப்பதற்குள் தயாராகிவிடுகிறது. மகள் அதில்தான் படிக்கிறாள்.

அப்பாவின் படம் ஊரில் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அதன் பிரதி எஸ்.எஸ்.டி.யில் ஒன்று, பழைய டிஸ்கில் ஒன்று, ஊரில் தம்பியிடம் ஒன்று என்று மூன்று இடங்களில் இருக்கிறது.